சாமந்தியை நீலமாக்கிய சங்குப்பூ: ஒரு புதிய பூ ரகம் எப்படி உருவாகிறது?

மஞ்சள், வெள்ளை, பிங்க், மெரூன், ஏன் பச்சையில்கூட சாமந்தி உண்டு. ஆனால் இயற்கையாக ஒரு நிறம் மட்டும் அதில் கிடையவே கிடையாது: நீலம். சீனாவிலும் ஜப்பானிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பூவை வளர்த்து, கலந்து, தேர்ந்தெடுத்து வந்தவர்களாலும் ஒரு நீலச் சாமந்தியைக் கொண்டுவர முடியவில்லை. ‘பொக்கேயில் பார்த்திருக்கேனே’ என்கிறீர்களா? அது வெள்ளைப் பூவுக்குச் சாயம் ஏற்றியதாக இருக்கும்.

இந்த நிலையை 2017-ல் ஜப்பான் மாற்றியது. அந்நாட்டின் தேசிய வேளாண் மற்றும் உணவு ஆராய்ச்சி அமைப்பான ‘நாரோ’வும் சன்டோரி நிறுவனமும் சேர்ந்து, நிஜமான நீல நிறத்தில் சாமந்தி பூக்க வைத்தன. நவோனோபு நோடா தலைமையிலான குழுவின் இந்த ஆய்வு ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியானது. இதற்குக் கைகொடுத்த இரண்டு செடிகளில் ஒன்று, நம்ம ஊர் வேலிகளில் படர்ந்து கிடக்கும் சங்குப்பூ.

ஒரு பூவுக்குப் புது நிறம் கொடுப்பது அவ்வளவு கஷ்டமா? புது ரகம் எப்படித்தான் உருவாகிறது?

வழி 1: கலப்பு

முதலில் ஒரு விஷயம். சாமந்தியில் நாம் ‘ஒரு பூ’ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டம். ‘இதழ்’ என்று நாம் பிய்த்துப் போடும் ஒவ்வொன்றும் தனிப்பூதான். வெளிவட்டத்தில் இருப்பவை பெண் பூக்கள். நடுவில் இருப்பவற்றில் மகரந்தமும் உண்டு.

புது ரகம் உருவாக்குபவர்கள், தாய்ச் செடியின் வெளிவட்ட இதழ்களைக் கத்தரிக்கோலால் குட்டையாக வெட்டுவார்கள். உள்ளே மறைந்திருக்கும் சூல்முடி வெளியே தெரியும். வேறொரு ரகத்தின் மகரந்தத்தைப் பிரஷ்ஷால் எடுத்து அதில் தடவி, பூவைப் பையால் மூடிவிடுவார்கள். பெரும்பாலான சாமந்திச் செடிகள் தன் மகரந்தத்தையே ஏற்காது என்பதால் இந்த வேலை கொஞ்சம் ஈஸி.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். மனிதருக்கு குரோமோசோம்கள் இரண்டு தொகுப்பு. நாம் வளர்க்கும் சாமந்திக்குப் பொதுவாக ஆறு தொகுப்பு, மொத்தம் 54. அதனால் ஒரே பூவில் கிடைத்த விதைகளில்கூட ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி முளைக்கும். ஏராளமான நாற்றுகளை வளர்த்து, பூக்கும் வரை காத்திருந்து, பெரும்பாலானவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றை மட்டுமே வைத்துக்கொள்வார்கள். அவற்றையும் பல பருவங்கள் சோதிப்பார்கள். ஒரு ரகம் சந்தைக்கு வர வருடங்கள் ஆவது இதனால்தான்.

வழி 2: கதிர்வீச்சு

சில நேரம் மஞ்சள் பூச்செடியின் ஒரு கிளையில் மட்டும் வேறு நிறத்தில் பூ வரும். இது இயற்கையாக நடக்கும் திடீர் மாற்றம். அந்தக் கிளையை வெட்டி வேர்விட வைத்தால், அதுவே ஒரு புது ரகம்.

இதை வேகப்படுத்தத்தான் காமா கதிர்வீச்சு. வேர்விட்ட தண்டுத் துண்டுகளைக் குறைந்த அளவு கதிருக்கு உட்படுத்தி, என்ன மாற்றம் வருகிறது என்று பார்ப்பார்கள். லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையில் பல சாமந்தி ரகங்களைக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். சில சமயம் பாதி இதழ் மட்டும் நிறம் மாறியிருக்கும். அப்போது மாறிய பகுதியின் திசுவை மட்டும் எடுத்து, ஆய்வகத்தில் திசு வளர்ப்பு மூலம் முழுச் செடியாக்க வேண்டும்.

அப்புறம் ஏன் நீலம் வரவில்லை?

கலப்பு என்பது குடும்பத்துக்குள் இருக்கும் சொத்தைப் பிரித்துக் கொடுப்பது மாதிரி. குடும்பத்திலேயே இல்லாத ஒன்று பிள்ளைக்குக் கிடைக்காது. கதிர்வீச்சோ, இருக்கும் மரபணுவைத்தான் பெரும்பாலும் மாற்றும் அல்லது செயலிழக்கச் செய்யும். இல்லாத மரபணுவைக் கொண்டுவராது.

சாமந்தியின் பிரச்சினை அதுதான். பூக்களின் சிவப்பு, ஊதா, நீல நிறங்களுக்குப் பெரும்பாலும் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமிகள். காஃபே மெனுவில் வரும் நீல நிற சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுமே, அது இந்த நிறமியின் வேலை. பல நீலப் பூக்களில் இருக்கும் டெல்ஃபினிடின் வகை ஆந்தோசயனினை உருவாக்க ஒரு குறிப்பிட்ட நொதி தேவை. அதற்கான மரபணு சாமந்தியில் இல்லை. ரோஜாவிலும் இல்லை.

ஜப்பானில் என்ன செய்தார்கள்?

முதலில் கேம்பனுலா என்ற மணி வடிவப் பூவிலிருந்து அந்த மரபணுவை எடுத்து சாமந்திக்குள் செலுத்தினார்கள். வெளியிலிருந்து வரும் மரபணுக்கள் சாமந்திக்குள் சரியாக வேலை செய்யாமல் போவது வழக்கம். அதனால் சாமந்தியின் சொந்த மரபணு ஒன்றின் ‘ஸ்விட்ச்’ பகுதியை அதனுடன் இணைத்தார்கள். 2013-ல் வெளியான முடிவில், பூ ஊதா வரை வந்திருந்தது. நீலம் வரவில்லை.

அடுத்த கட்டத்தில் சங்குப்பூ உள்ளே வந்தது. அதன் மரபணு ஒன்று, நிறமியின் மூலக்கூறில் குறிப்பிட்ட இடங்களில் சர்க்கரையை ஒட்டவைக்கும். இதையும் சேர்த்த பிறகு இன்னும் சில படிகள் தேவைப்படும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் தேவைப்படவில்லை. சாமந்தியில் ஏற்கெனவே இருந்த, கண்ணுக்கு நிறமே தெரியாத ஃபிளேவோன் சேர்மங்கள் புது நிறமியோடு கைகோத்துக்கொள்ள, பூ நீலமாகிவிட்டது.

பூக்களின் நிறத்தை ஒப்பிட பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் ஒரு நிற அட்டை வைத்திருக்கிறது. அதில் இந்தச் சாமந்தி ‘நீலம்’ பிரிவிலேயே இடம்பிடித்தது. ஜப்பானில் 2009-ல் விற்பனைக்கு வந்த ‘நீல ரோஜா’ உண்மையில் ஊதா சாயல் கொண்டது.

சரி, ஏன் கடைக்கு வரவில்லை?

ஆய்வு வெற்றி என்பதாலேயே பூவை வயலில் நட்டுவிட முடியாது. ஜப்பானின் கடற்கரைகளிலும் மலைகளிலும் சாமந்தியின் காட்டு உறவினர்கள் பல உண்டு. வயலில் இருக்கும் நீலச் சாமந்தியின் மகரந்தத்தை ஒரு பூச்சி சுமந்து சென்றால், புது மரபணுக்கள் காட்டுச் செடிகளுக்குள் போய்விடும். அப்படிப் போனால் திரும்ப எடுக்க வழியில்லை. மரபணு மாற்றிய உயிரினங்களால் பல்லுயிர்ச் சூழல் பாதிக்கப்படாமல் தடுக்க அங்கே தனிச் சட்டமே இருக்கிறது.

அதனால் மகரந்தமும் விதையும் உருவாகாத மலட்டுச் செடியாக அதை மாற்ற வேண்டியிருந்தது. விதையில்லாவிட்டால் விவசாயிக்கு நஷ்டம் இல்லையா என்றால், இல்லை. சாமந்தியைப் பக்கக் கன்றுகளும் தண்டுத் துண்டுகளும் வைத்துத்தான் பெருக்குகிறார்கள்.

இந்தியாவிலும் மரபணு மாற்றிய செடியை, அது அழகுக்கான பூவாகவே இருந்தாலும், மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி இல்லாமல் வெளியே வளர்க்க முடியாது.

ஒரு துண்டு போதும், காப்பி ரெடி

தண்டுத் துண்டில் பெருகும் பூ என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல வருடம் உழைத்து உருவாக்கிய ரகத்தை, விரல் நீளத் துண்டை எடுத்துப் போய் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். இதற்காகத்தான் ரகங்களுக்கான சட்டப் பாதுகாப்பு.

இந்தியாவில் 2001-ல் இயற்றப்பட்ட பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு புது ரகத்தைப் பதிவு செய்ய அது புதியதாக, தனித்துத் தெரிவதாக, எல்லாச் செடியும் ஒரே சீராக, தலைமுறை தாண்டியும் மாறாததாக இருக்க வேண்டும். மரங்கள், கொடிகள் தவிர்த்த பயிர்களுக்கு அதிகபட்சம் 15 ஆண்டுகள் பாதுகாப்பு. அதேநேரம், விவசாயி தன் நிலத்தில் விளைந்த நடவுப் பொருளைச் சேமிக்கவும், மீண்டும் நடவும், பிறருடன் பகிரவும் அந்தச் சட்டமே உரிமை தருகிறது. பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. பதிவான ரகத்தை வைத்து இன்னொரு புது ரகம் உருவாக்கும் ஆய்வுக்கும் தடையில்லை.

நம்ம ஊருக்கு எது முக்கியம்?

நீலம் கவர்ச்சிதான். ஆனால் தமிழகத்தில் சாமந்தி பெரும்பாலும் கிலோ கணக்கில் விற்கும் உதிரிப்பூ. மாலை கட்டும்போது இதழ் உதிரக் கூடாது, மூட்டையில் வாடக் கூடாது, செடிக்கு அதிகப் பூ வர வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2, எம்டியு 1 போன்றவை இங்குள்ள சாகுபடிக்கான ரகங்கள். பூச்சாடிக்காக உருவான வெளிநாட்டு ரகங்களின் கணக்கே வேறு: நீளமான தண்டு, தண்ணீரில் பல நாள் தாங்கும் தன்மை.

இன்னொன்று, சாமந்தி பகல் குறைந்து இரவு நீளும்போது பூக்கும் செடி. பசுமைக்குடிலில் இரவில் விளக்கு போட்டும், மாலையில் கருப்புத் துணி மூடியும் பூக்கும் நேரத்தை மாற்றுவது இதனால்தான். விளக்கோ துணியோ இல்லாமல், வருடம் முழுக்கத் திறந்தவெளியில் பூக்கும் ஒரு மஞ்சள் சாமந்தி கிடைத்தால், ஆஃப் சீசனிலும் பூ பறிக்க நினைக்கும் விவசாயிக்கு நீலத்தைவிட அதுதான் பெரிய செய்தி.