மறதி வந்த பெரியவர் ஏன் அடிக்கடி விழுகிறார்?



வீட்டில் மாமியாரோ அப்பாவோ அடிக்கடி விழுந்தால், "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று சத்தம் போடுகிறோம். மறதியும் சேர்ந்திருந்தால் கோபம் இன்னும் கூடுகிறது. ஆனால் பல நேரம் குறை அவர்கள் கவனத்தில் இல்லை, மூளையில் இருக்கிறது.

நாம் விழாமல் நிற்க, மூளைக்கு மூன்று இடத்திலிருந்து சேதி போகிறது. ஒன்று கண். இரண்டாவது உள்காது. அதில் நீர் நிரம்பிய சிறு குழாய்கள் உள்ளன. தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று அவை சொல்லும். மூன்றாவது பாதமும் மூட்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மூளை முடிவெடுக்கும்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் நாம் உட்கார்ந்திருக்கும் பஸ் நிற்கும். பக்கத்து பஸ் பின்னால் போகும். நம்ம பஸ்தான் கிளம்பிடுச்சோ என்று ஒரு நொடி தோன்றும் இல்லையா? கண் ஏமாந்தாலும், "நாம் அசையவில்லை" என்று உள்காது சொல்லும். மூளை உடனே திருத்திக்கொள்ளும். மறதி நோய் வந்தவருக்கு இப்படித் திருத்துவது தாமதமாகிறது, சில நேரம் நடப்பதே இல்லை. அதற்குள் கால் தடுமாறிவிடுகிறது.

மறதி நோய் என்பது பேரை மறப்பது மட்டுமல்ல. தூரம், ஆழம், படியின் உயரம் கணிப்பதும் குறைகிறது. வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடி அவர்களுக்குப் பள்ளம் போலத் தெரியலாம். இவர்கள் விழும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்றவர்களைவிட சுமார் இரண்டு மடங்கு. 2023-ல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் உள்ளது.

நடக்கும்போது பேசுவதும் இவர்களுக்குச் சுமைதான். பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னாளில் அதிகம் விழுகிறார்கள் என்று 1997-ல் சுவீடன் நாட்டில் கண்டறிந்தார்கள்.

பௌர்ணமி கிரிவலத்தை நினைத்துப் பாருங்கள். 14 கிலோமீட்டர், இரவு நேரம், நான்கு பக்கமும் நகரும் கூட்டம், கடை விளக்கு, சத்தம். கண்ணுக்கு எல்லாமே அசைகிறது. மறதி உள்ள பெரியவருக்கு ஆசை இருந்தால், கூட்டமில்லாத நாளில், காலை வெளிச்சத்தில், முடிந்த தூரம் மட்டும் கைபிடித்துக் கூட்டிப் போங்கள். வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு அவரிடம் இருக்கட்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

1. படி ஓரத்தில் பளிச்சென்று தெரிய வெள்ளைப் பட்டை அடிக்கவும்.
2. படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவில் சிறு விளக்கு எரியட்டும்.
3. கறுப்பு மிதியடி, ஈரத்தரை, வழியில் கிடக்கும் குடம், கயிறு வேண்டாம்.
4. பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். முன்னால் வந்து நின்று பேசுங்கள். நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள்.
5. எழுந்ததும் நடக்க விடாமல், கொஞ்சம் உட்கார்ந்து பிறகு நிற்கச் சொல்லுங்கள்.
6. பயந்து படுக்கையிலேயே வைக்காதீர்கள், கால் பலம் போய்விடும். துணையோடு தினமும் நடக்கட்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்புரை, காது, பிரஷர், சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரையாலும் தள்ளாட்டம் வரும். தைராய்டு, பி12 சத்துக் குறைவால் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு. திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் இழுத்தாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இடுப்பு எலும்பு முறிந்தால் பெரியவர் மாதக்கணக்கில் படுக்கையில். பார்த்துக்கொள்ளும் மருமகளுக்குக் கூலி போச்சு, குழுவில் வாங்கும் கடனும் ஏறும். ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டும் ஒரு சிறு விளக்கும் அதைவிட மலிவு.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இதை வாசித்துக் காட்டுங்கள். யார் வீட்டில் இப்படிப் பெரியவர் இருக்கிறார் என்று கேளுங்கள். அந்த வீட்டுப் படிக்கு நாம் எல்லோரும் சேர்ந்தே பட்டை அடித்துவிடலாமே!