மேசையிலும் மடியிலும் ஒரே செயலியா?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் சென்றால், இருவகைக் கணிப்பொறிகளையும் அடுத்தடுத்துக் காணலாம். மாதிரி வடிவம் வரைபவரின் மேசையில் பெரிய பெட்டி. வெளிநாட்டுப் பையர்களுக்குக் கடிதம் எழுதுபவரிடம் மடிக் கணிப்பொறி. இரண்டின்மேலும் ‘ஐ7’ என்ற சிறு வில்லை ஒட்டியிருக்கும். பெயர் ஒன்றாயிருப்பதால் வேகமும் ஒன்றே என்று எண்ணி, “பெரிய பெட்டி எதற்கு?” என மடிக் கணிப்பொறியையே வாங்கிவிடுவோர் உண்டு. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி?

இன்டெல் நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட செயலிகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஐ7-13700 மேசைக் கணிப்பொறிக்கு உரியது. ஐ7-1365யு மடிக் கணிப்பொறிக்கு உரியது. இரண்டின் உச்ச வேகமும் 5.2 கிகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 520 கோடித் துடிப்புகள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இந்த எண்தான். நமக்கு வேண்டியதோ சிறிய எழுத்தில் இருக்கிறது. முன்னதன் அடிப்படை மின்திறன் 65 வாட், உச்சத்தில் 219 வாட். பின்னதற்கு 15 வாட், உச்சத்தில் 55 வாட். கணக்குப் போடும் பகுதிகளான கோர்களின் எண்ணிக்கையும் வேறு. முன்னதில் பெரியவை 8, சிறியவை 8. பின்னதில் பெரியவை 2, சிறியவை 8. ஒரு பவர் டேபிளில் 16 டெய்லர்கள், இன்னொன்றில் 10 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சட்டையைத் தைக்க இரண்டும் ஒன்றுதான். ஆயிரம் சட்டை என்றால் கதை வேறு.

செயலி உட்கொள்ளும் மின்னாற்றல் எங்கே போகிறது? மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. செயலி எதையும் சுழற்றுவதில்லை. அது வாங்கும் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. அதனுள் உள்ள கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை நுண்ணிய மின்தேக்கிகளாகக் கருதலாம். ஒவ்வொரு துடிப்பிலும் அவற்றில் பல மின்னேற்றம் பெற்று இழக்கின்றன. இதற்குச் செலவாகும் திறன், துடிப்பு வேகத்துக்கு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். துடிப்பை விரைவுபடுத்த வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் உயர்த்தியாக வேண்டும். ஆகவே திறன், தோராயமாக வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது.

நூற்பாலையில் பணிபுரிவோருக்கு இந்த மும்மடி புதிதன்று. ஈரப்பதம் காக்கும் காற்றாடியின் வேகத்தைப் பாதியாக்கினால் மின்செலவு எட்டில் ஒரு பங்காகிறது. அங்கே காரணம் காற்றின் இயக்கம், இங்கே மின்னழுத்தம். கணக்கு மட்டும் ஒன்று.

இதனால் ஒரு வியப்பான முடிவு கிடைக்கிறது. 15 வாட் என்பது 65 வாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வேகமும் நான்கில் ஒரு பங்காகிவிடுமா? இல்லை. கோர்களின் எண்ணிக்கை சமம் என்று கொண்டால், நான்கில் ஒன்றின் மும்மடி மூலம் சுமார் 0.63. அதாவது கால் பங்கு மின்சாரத்தில் 63 விழுக்காடு வேகம்! (மின்னழுத்தத்தை ஓர் எல்லைக்குக் கீழே குறைக்க இயலாது; ஆதலால் இக்கணக்கு எந்த அளவுக்கும் பொருந்தாது.) மடிக் கணிப்பொறியை ஏளனமாக எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். வரலாறும் அதன் பக்கமே பேசுகிறது. மேசைக்கான பென்டியம் 4 செயலியை 4 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை இன்டெல் 2004-இல் கைவிட்டது. அதிக வெப்பமே பெரும் தடையாயிருந்தது. 2006-இல் மேசைக்கு வந்த கோர் 2 செயலியோ, 2003-இல் மடிக் கணிப்பொறிக்கென உருவான பென்டியம் எம் என்பதன் வழித்தோன்றல்!

இனி, ‘உச்ச வேகம்’ என்பது எவ்வளவு நேரம்? செயலியின்மேல் பொருத்திய செம்பும் அலுமினியமும் சிறிது வெப்பத்தைத் தாமே உறிஞ்சிக்கொள்ளும். அவை சூடேறும் வரை மடிக் கணிப்பொறியும் முழு வேகத்தில் ஓடும், பிறகு தணிந்துவிடும். ஆப்பிள் நிறுவனம் 2020-இல் எம்1 என்னும் ஒரே செயலியை, காற்றாடி இல்லாத மேக்புக் ஏரிலும் காற்றாடி உள்ள மேக் மினியிலும் பொருத்தி விற்றது. சிறு வேலைகளில் இரண்டும் சமம். பல நிமிடங்கள் தொடரும் கடும் வேலையில் காற்றாடி இல்லாதது பின்தங்கியது. ஆய்வுக்கூடத்தில் நாமே வடிவமைத்தாலும் இதைவிடத் தெளிவான சோதனை கிடைப்பது அரிது.

கணக்கு எழுதுதல், ஜி.எஸ்.டி. பில் போடுதல், கடிதம் எழுதுதல் ஆகியவை சிறு வேலைகள். செயலி நொடிப்பொழுது உழைத்து, நெடுநேரம் சும்மா இருக்கும். மார்க்கர் போடுவது அப்படியன்று. முன்பாகம், பின்பாகம், கை, கழுத்துப் பட்டி ஆகியவற்றைத் துணி வீணாகாமல் அடுக்கிப் பார்ப்பதே மார்க்கர். 20 துண்டுகளை எந்த வரிசையில் எடுத்து வைப்பது என்பதற்கே ஏறத்தாழ 24-ஐ அடுத்து 17 சுழிகள் இட்ட எண்ணிக்கையில் வழிகள் உண்டு. எல்லாவற்றையும் எந்தக் கணிப்பொறியாலும் பார்க்க முடியாது. கொடுத்த நேரத்தில் எத்தனை அடுக்குகளை முயன்று பார்க்கிறதோ, அவற்றுள் சிறந்ததையே அது தரும். ஆயிரம் கிலோ துணியில் ஒரு விழுக்காடு மிச்சமானால் 10 கிலோ. இல்லாவிட்டால் அதுவும் வேஸ்ட் துணியாக எடைக்குப் போய்விடும்.

நம் ஊருக்கே உரிய இரு இடையூறுகளும் உண்டு. செயலி ஏறக்குறைய 100 பாகை செல்சியசைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளியேறும் வெப்பமோ, செயலிக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 25 பாகைக் குளிரறையில் அந்த வேறுபாடு 75. சித்திரை மாதம் தகரக் கூரையின் கீழ் 40 பாகை என்றால் 60. வெளியேறும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்கெனவே எல்லையைத் தொட்டு ஓடும் மடிக் கணிப்பொறி, மும்மடிக் கணக்கின்படி 7 விழுக்காடு வேகத்தை இழக்கும். இது சிறிதே. அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே படியும் பஞ்சுத் தூசிதான் பெரும் பகை. வெப்பம் வெளியேறும் தடை இருமடங்கானால் வேகம் 79 விழுக்காடாகிவிடும். பெரிய பெட்டியிலும் பஞ்சு படியும். ஆனால் அதன் தகடுகள் பெரியவை, இடைவெளி அகலம். மூடியைக் கழற்றித் தூரிகையால் துடைத்துவிடலாம்.

வாங்குமுன் கடையில் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். செயலிக்கு முழு வேலை தரும் நிரலை 20 நிமிடம் தொடர்ந்து ஓட்டி, முதல் நிமிட வேகத்தையும் கடைசி நிமிட வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மடிக் கணிப்பொறியானால் மின்வடத்தைப் பிடுங்கிவிட்டு மறுமுறையும் செய்து பாருங்கள். மின்கலத்தில் ஓடும்போது பல கணிப்பொறிகள் வாட்டை மேலும் குறைத்துக்கொள்கின்றன.