நான்கு சுவர்களுக்குள் வென்ற தங்கம்

ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்குவாஷ் முதன்முதலாக இடம்பெற்றது 1998இல், பாங்காக்கில். இந்தியாவின் முதல் பதக்கம் 2006இல் தோஹாவில் சவுரவ் கோஷல் வென்ற வெண்கலமாக வந்தது. 2014இல் இன்சியோனில் ஆடவர் அணி தங்கம் வென்றபோதுதான் இந்த ஆட்டத்தின் பெயரே நம் வீடுகளில் பலருடைய காதுக்கு எட்டியது.

ஆட்டக்களம் 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் கொண்ட, நாற்புறமும் சுவர் சூழ்ந்த ஓர் அறை. ஆடும் இருவரும் ஒரே பக்கம் நின்று, முன்சுவரில் மாறி மாறிப் பந்தை அடிக்க வேண்டும். பந்து தரையில் இரண்டாம் முறை குதிப்பதற்குள் திருப்பி அடிக்கத் தவறினால் புள்ளி எதிராளிக்குப் போகும். முன்சுவரின் அடிப்பகுதியில் 'டின்' எனப்படும் தகட்டுப் பட்டை பதிக்கப்பட்டிருக்கும். அதில் பந்து பட்டால் எழும் ஓசையே பிழையை அறிவித்துவிடும். உள்ளீடற்ற சிறு ரப்பர் பந்து குளிர்ந்த நிலையில் ஏறக்குறைய எழும்பவே எழும்பாது என்பதால், ஆடுவோர் முதலில் அதை அடித்து அடித்துச் சூடேற்றிய பிறகே ஆட்டத்தைத் தொடங்குகின்றனர். ஒற்றையர் ஆட்டத்தில் 11 புள்ளிகள் ஒரு கேம். 10-10 என்று சமநிலை வந்தால் இரண்டு புள்ளி முன்னிலை பெற்றாக வேண்டும். ஐந்தில் மூன்று கேம்களை வெல்பவருக்கே வெற்றி.

2022ஆம் ஆண்டுக்குரியதாயினும் ஓராண்டு தள்ளி நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், 2023 செப்டம்பர் 30 அன்று ஆடவர் அணி இறுதியாட்டத்தில் இந்தியா சந்தித்தது, லீக் சுற்றில் தன்னைத் தோற்கடித்திருந்த அதே பாகிஸ்தானை. அணிப் போட்டி என்பது மூன்று தனி ஆட்டங்களைக் கொண்டது. முதல் ஆட்டத்தில் மகேஷ் மங்காவ்ன்கர் தோற்க, கோஷல் வென்று சமன் செய்ய, மூன்றாவது ஆட்டம் சென்னையைச் சேர்ந்த அபய் சிங்கின் தோளில் விழுந்தது. எதிரே நின்ற நூர் ஸமான், 1975இல் பிரிட்டிஷ் ஓபன் பட்டம் வென்ற கமர் ஸமானின் பேரன். ஐந்தாவது கேமில் 8-10 எனப் பின்தங்கி, ஒரு புள்ளி விட்டால் தங்கமே கைநழுவும் நிலையில் இருந்த அபய், தொடர்ந்து நான்கு புள்ளிகளை எடுத்து 12-10 என முடித்தார். தமிழக விளையாட்டு வரலாற்றில் இத்தனை நெருக்கடியில் காட்டப்பட்ட நிதானத்துக்கு ஈடு சொல்வது எளிதன்று. அதே போட்டியில் சென்னையின் தீபிகா பள்ளிக்கல், ஹரிந்தர் பால் சந்துவுடன் இணைந்து கலப்பு இரட்டையரிலும் தங்கம் வென்றார்; இரண்டு கேம்களும் 11-10 என்ற ஒற்றைப் புள்ளி வேறுபாட்டில் முடிந்தவை.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் சென்னை நேரு பூங்காவில் உள்ள ஸ்குவாஷ் அகாடமி நிற்கிறது. சைரஸ் போஞ்சாவும் மலேசியாவிலிருந்து வந்த மேஜர் மணியமும் பயிற்சி அளித்த அந்தக் கூடத்துக்காகவே கொல்கத்தாவின் கோஷல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகாவும் அங்கேயே வளர்ந்து, 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியின் மகளிர் இரட்டையரில் தங்கம் வென்றனர். ஆங்கிலேயப் படைமுகாம்களிலும் பெரிய மனிதர்களின் கிளப்களிலும் அடைந்து கிடந்த ஆட்டம், நல்ல களமும் நல்ல ஆசானும் ஓரிடத்தில் கூடியபோது பதக்கமாக விளைந்தது.

ஆனால் அந்தக் கூடல் பெரும்பாலும் மாநகரத்தோடு நின்றுவிட்டது. ஆந்திர எல்லையோரம், திருத்தணிக்கு அருகே நெசவையே உயிராகக் கொண்ட அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் கபடிக்கும் கைப்பந்துக்கும் வெறும் மண்தரை போதும். ஸ்குவாஷுக்கோ கூரையும், வழவழப்பான சுவர்களும், மரத்தளமும் வேண்டும். தறியில் மணிக்கணக்காகக் கையும் கண்ணும் ஒன்றித் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த ஆட்டம் பிடிபடாமல் போக எந்தக் காரணமும் இல்லை. களம் இல்லை என்பதே தடை. சேலத்தில் பிறந்த வேலவன் செந்தில்குமார், 2025 டிசம்பரில் சென்னையில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இடம்பெற்றதைக் கண்ட பிறகு இதில் ஐயம் கொள்ள இடமில்லை. 2028இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்குவாஷ் முதன்முறையாக ஒலிம்பிக்கில் நுழைகிறது. அதற்குள் மாவட்ட விளையாட்டு அரங்குகளிலேனும் தலா ஒரு களம் கட்டும் வேலையை அரசு தொடங்க வேண்டும்.