விரல் பழகட்டும்... அப்புறம் ட்ரிகர்!

அமெரிக்காவில், ஓடி நகர்ந்து கைத்துப்பாக்கியால் சுடும் பிராக்டிக்கல் ஷூட்டிங் பக்கம் புதிதாக எட்டிப் பார்க்கிறவர் கேட்கும் முதல் கேள்வி, 'எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?' என்பதுதான். பதில் சொல்லப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். க்ளாக் 17 என்பார் ஒருவர். சிஇசட் ஷேடோ 2 இருக்க வேறெதற்கு என்பார் அடுத்தவர். ரெட் டாட் குறிக்கருவி இல்லாமல் இந்தக் காலத்தில் யார் சுடுகிறார்கள் என்று சிரிப்பார் இன்னொருவர். மற்றதிலெல்லாம் அடித்துக்கொள்கிறவர்கள் ஒன்றில் மட்டும் ஒத்துப்போவார்கள்: "எதை வாங்கினாலும் ட்ரிகரை முதலில் மாற்றிவிடு!"

வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதற்கு முன், குழப்பமே தேவையில்லாத விஷயங்களை முடித்துவிடலாம். ரகம், 9 மி.மீ. 124 கிரெயின் குண்டு விநாடிக்கு 1,060 அடி வேகத்தில் போனால் பவர் ஃபேக்டர் (எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது) 131. மைனர் என்ற கீழ்நிலைக்குக் கேட்பது 125. தாண்டியாயிற்று. .40 ரகத்தை வாங்கி மேல்நிலையான மேஜரில் சுட்டால், இலக்கின் ஓரத்திலுள்ள 'சி' பகுதியில் பட்ட குண்டுக்கு மூன்றுக்குப் பதில் நான்கு புள்ளி கிடைக்கும். கூடவே உதைப்பும் அதிகம், தோட்டாச் செலவும் அதிகம். நடுவிலுள்ள 'ஏ' பகுதியில் சுடக் கற்றுக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஐந்துதானே!

பட்ஜெட் போடும்போது துப்பாக்கியை மட்டும் கணக்கில் வைக்கிறவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள். விறைப்பான பெல்ட், ட்ரிகர் பகுதியை முழுக்க மூடும் ஹோல்ஸ்டர், நாலைந்து மேகசின்கள், அவற்றுக்கான பைகள் எல்லாம் வேண்டும். இந்த ஆட்டத்தின் உலக அமைப்பான ஐபிஎஸ்சியின் விதிப்படி, லாங் கோர்ஸ் எனும் நீளமான ஸ்டேஜ் ஒன்றில் 32 ரவுண்டு வரை சுடவேண்டி வரலாம். ஒரு சாதாரண கிளப் போட்டியே 120, 150 ரவுண்டைச் சாப்பிட்டுவிடும். இருந்த பணத்தையெல்லாம் துப்பாக்கியில் போட்டவர், தோட்டா வாங்கக் காசில்லாமல் அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருப்பார்.

சரி, ட்ரிகருக்கு வருவோம். கம்பெனியிலிருந்து வரும் க்ளாக்கின் ட்ரிகரை அழுத்தச் சுமார் இரண்டரை கிலோ விசை வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றி, உராயும் இடங்களைத் தேய்த்து, அதைப் பாதியாகக் குறைத்துத் தரத் தனித் தொழிலே நடக்கிறது. கடையில் அழுத்திப் பார்க்கும்போது சொர்க்கமாகத்தான் இருக்கும். ஆனால் இது நின்ற இடத்தில் நின்று சுடும் ஆட்டம் இல்லை. ஓட வேண்டும், குனிய வேண்டும், கதவைத் தள்ள வேண்டும், ஓடிக்கொண்டே மேகசின் மாற்ற வேண்டும். இவ்வளவு நேரமும் விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே இருந்தாக வேண்டும். உள்ளே போயிருப்பதை ரேஞ்ச் ஆபீசர் பார்த்துவிட்டால், குண்டு வெடிக்காவிட்டாலும் டிக்யூ, அதாவது தகுதிநீக்கம். அந்த ஸ்டேஜ் மட்டுமல்ல, மொத்தப் போட்டியும் அத்தோடு முடிந்தது. இரண்டரை கிலோ ட்ரிகரில் மறதியாக விரல் பட்டால் பெரும்பாலும் குண்டு வெடிக்காது. ஒரு கிலோ ட்ரிகர் அந்த அவகாசத்தைத் தராது.

எல்லாரும் சிபாரிசு செய்யும் ஷேடோ 2வையே எடுத்துக்கொள்ளுங்கள். அருமையான துப்பாக்கி, மறுக்கவில்லை. 1.3 கிலோ கனம் உதைப்பை அப்படியே விழுங்கிவிடும். ஆனால் 'மேக் ரெடி' என்ற கட்டளைக்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். மேகசினைச் செருகி, ஸ்லைடை இழுத்து விட்டதும் தோட்டா அறைக்குள் ஏறிவிடுகிறது; ஹாமர் பின்னால் நிற்கிறது. சாதாரண துப்பாக்கிகளுக்கான ப்ரொடக்‌ஷன் பிரிவில் ஹாமர் முழுக்க இறங்கிய பிறகுதான் ஹோல்ஸ்டரில் வைக்க முடியும். இந்த மாடலில் அதை இறக்கத் தனி லீவர் கிடையாது. கட்டைவிரலால் ஹாமரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ட்ரிகரை அழுத்தி, மெல்ல மெல்லக் கீழே விட வேண்டும், அறைக்குள் நிஜத் தோட்டா இருக்கும்போதே! முதல் போட்டி, பின்னால் பத்துப் பேர் பார்க்கிறார்கள், கை வேர்க்கிறது. விரல் வழுக்கினால், குண்டு மணல்மேட்டில்தான் போய்ப் புதைந்தது என்றாலும் அன்றைய ஆட்டம் காலி. பழகியவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். புதியவரை எதற்கு இந்தச் சோதனையில் இறக்கிவிட வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், 1976இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியாவில் ஐபிஎஸ்சி பிறந்தபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் ஜெஃப் கூப்பர். குறி இலக்கில் படியும்வரை விரல் ட்ரிகரைத் தொடக்கூடாது என்ற விதியை உலகத்துக்கே பாடமாக்கியவர் அவர்தான். அவர் தொடங்கிவைத்த ஆட்டத்தில் இன்று புதியவருக்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை, ட்ரிகரை இளக்கு என்பது. பைக் டெலிவரி எடுத்த அன்றே சைலன்ஸரை மாற்றுகிற நம் ஊர்ப் பையன்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

அப்படி என்னதான் மிச்சமாகிறது? 100 புள்ளியை 20 விநாடியில் எடுத்தால் ஹிட் ஃபேக்டர் (புள்ளியை விநாடியால் வகுத்தது) 5. அதையே 16 விநாடியில் எடுத்தால் 6.25. இரண்டு குண்டுகளுக்கு நடுவே இளகிய ட்ரிகர் மிச்சம்பிடிப்பது விநாடியில் நூறில் சில பங்கு. அந்த நாலு விநாடி வேறெங்கோ போகிறது: மேகசினை இடுப்பில் தடவித் தேடுவதில், அடுத்த இடத்துக்குப் போய் நின்ற பிறகே துப்பாக்கியைத் தூக்குவதில், எந்த டார்கெட்டைச் சுட்டோம் எதை விட்டோம் என்று விழிப்பதில். இதையெல்லாம் சரிசெய்ய வீட்டில் காலித் துப்பாக்கியோடு தினமும் கொஞ்ச நேரம் பயிற்சி எடுத்தால் போதும். பயிற்சி எடுக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நல்ல ட்ரிகர் இருந்தால் குறி சீக்கிரம் படியும், இரண்டாவது தடவை வாங்கும் செலவும் மிச்சம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும்.

2004இல், இரும்புத் தகடுகளை வேகமாகச் சுடும் ஸ்டீல் சேலஞ்ச் உலகப் பட்டத்தை வென்ற தட்சுயா சகாய் ஜப்பான்காரர். அங்கே சாமானியர் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பிளாஸ்டிக் குண்டு போடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் பழகிவிட்டுத்தான் அமெரிக்காவுக்கு வந்து ஜெயித்தார். கருவியைவிடப் பழக்கமே பெரிது என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. அமெரிக்காவில் ஹெச்1பி விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். நண்பர் கூப்பிட்டார் என்று ரேஞ்சுக்குக் கிளம்பும் முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். வாங்கும் தகுதி இருக்கிறவர்கள், 9 மி.மீ. ரகத்தில் கைக்குப் பொருந்தும் சாதாரண சர்வீஸ் பிஸ்டல் ஒன்றை வாங்குங்கள். ட்ரிகரை இளக்கித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டால், ஒரு வருஷம் போட்டிகளில் சுட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.