கிருமிக்கும் உண்டு ரேகை!

"ஆறு மாசமா ஒரு வேளை விடாம டி.பி. மாத்திரை முழுங்கறார் டாக்டர். இருமல் போகலியே! சித்த மருந்தாவது கேக்குமான்னு வந்தோம்" என்றார், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் மனைவி. நாடி பார்ப்பதற்கு முன் ரிப்போர்ட்டைத்தான் வாங்கிப் பார்த்தேன். சளியில் 'ஏ.எஃப்.பி. பாசிடிவ்' என்றிருந்தது. கிருமி என்ன இனம் என்று ஒரு வரிகூட இல்லை.

இனம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? சளியில் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காசநோய்க் கிருமி சிவப்புக் குச்சி மாதிரி தெரியும். அதன் பங்காளிகளும் அச்சு அசலாக அப்படியேதான் தெரிவார்கள்! மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற இந்தப் பங்காளிகள், ஏற்கெனவே பழுதுபட்ட நுரையீரலில் குடியேறிவிடுவதுண்டு. வழக்கமான காசநோய் மருந்துக்கு இவற்றில் பல மசியாது. வளர்த்துப் பார்த்து இனம் பிரிக்க வாரக்கணக்கில் ஆகும்.

இங்கேதான் டி.என்.ஏ. ரேகை கைகொடுக்கிறது. 1984-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் மனிதர்களை அடையாளம் காணக் கண்டுபிடித்த உத்தி. கிருமிக்கும் ஏறக்குறைய அதே சூத்திரம்தான். கிருமியின் டி.என்.ஏ.வில் ஒரு பகுதியை மட்டும் பி.சி.ஆர். முறையில் கோடிக்கணக்கில் பெருக்கி, நொதிகளால் வெட்டுகிறார்கள். இந்த நொதி, தனக்குரிய எழுத்து வரிசை உள்ள இடத்தில்தான் வெட்டும். துண்டுகளை ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் சின்னது முந்தி ஓடும், பெரியது பின்தங்கும். அந்தப் பட்டைக் கோடுகளின் அமைப்பைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிடலாம். இப்போது பல லேப்களில் எழுத்துக்களையே நேராகப் படித்துவிடுகிறார்கள்.

ஒரு வேடிக்கை. காசநோய்க் கிருமிகளையே ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய, ஐ.எஸ்.6110 என்ற துண்டு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று உலகெங்கும் எண்ணினார்கள். 1990-களில் சென்னையில் எண்ணியபோது, நம்மூர்க் கிருமிகள் பலவற்றில் அது ஒன்றே ஒன்று. சிலவற்றில் இல்லவே இல்லை! வேறு அடையாளம் தேட வேண்டியதாயிற்று.

ஆசிரியரை நெஞ்சக நோய் நிபுணரிடமே திருப்பி அனுப்பினேன். "அவர் சொல்லாம மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றும் சொன்னேன். ரேகை பார்த்ததில் பங்காளிதான்! மருந்து மாறியது. சளியில் கிருமி மறைந்த பிறகும் ஏறக்குறைய ஒரு வருஷம் சாப்பிட வேண்டும்.

"பேரக்குழந்தை இருக்கே டாக்டர், தொத்துமா?" என்றார் அந்த அம்மா. இந்த வகை பொதுவாக ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை என்றதும்தான் அவருக்கு முகம் தெளிந்தது.