நியாயப்பிரமாணமும் நம்பிக்கையும்: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கிழக்கிற் கடலும் மேற்கில் வாவியும் அணைந்த ஒடுங்கிய நிலப்பரப்பில் அமைந்துள்ளது ஆரையம்பதி. கண்ணகியம்மன் சடங்கும், துடக்குக் காத்தலும், குடிவழி வரும் கோயிலுரிமையும் உயிர்ப்புடன் விளங்கும் சைவ ஊர் இது. வடக்கே எல்லை தொட்டாற்போல் இஸ்லாமியர் வாழும் காத்தான்குடி. வாவியோரத்தின் பிற பகுதிகளிற் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் உளர். இச்சூழலில் வளர்ந்த ஒருவர் விவிலியத்தின் லேவியராகமத்தைப் படிக்க நேரின், ஐரோப்பிய வாசகர் அந்நியமெனக் கருதும் பகுதிகளே அவருக்கு மிகவும் பழக்கமானவையாகத் தோன்றும். மகப்பேற்றின் பின் தாய் திருத்தலத்துக்குச் செல்லாது காத்திருக்க வேண்டிய நாட்கள் அங்கே எண்ணிக் கூறப்பட்டுள்ளன: ஆண் மகவாயின் 40, பெண் மகவாயின் 80. உண்ணத்தக்கன, தகாதன, தீண்டத்தகாதன பற்றிய விதிகளும் உள. தன் வேதத்தினுள்ளே இவற்றை வைத்திருக்கும் கிறிஸ்தவம் இவற்றைக் கைக்கொள்வதில்லை. ஆயின் அதே வேதத்தின் பத்துக் கட்டளைகளைக் கைவிடவுமில்லை. கொள்வதும் தள்ளுவதும் எந்த அளவுகோலால் நிகழ்ந்தன என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட வினா.

மோசே வழியாக அளிக்கப்பட்டதென யூதர் நம்பும் இச்சட்டத்தொகுதியைத் தமிழ் விவிலியம் 'நியாயப்பிரமாணம்' என வழங்கிற்று. யூத மரபு அதில் 613 கட்டளைகளை எண்ணும். மத்தேயுவின் நற்செய்தியில் இயேசு அதனை அழிக்க அன்று, நிறைவேற்றவே வந்ததாகக் கூறுகிறார். பவுலோ, மனிதன் நீதிமானாக்கப்படுவது நம்பிக்கையினாலேயன்றிச் சட்டத்தின் கிரியைகளால் அன்று என வாதிடுகிறார். இம்முரணை இறையியலாளர் அருளின் மர்மங்கொண்டு தீர்ப்பர். வரலாற்றுநிலை நின்று நோக்குமிடத்து அதனடியில் ஒரு சமுதாயத் தேவை புலப்படும். கி.பி. 50ஐ அண்டி எருசலேமிற் கூடிய சபையின் முன்னிருந்த பிரச்சினை, யூதரல்லாதார் விருத்தசேதனம் செய்தாக வேண்டுமா என்பது. அந்தியோக்கியா போன்ற நகரங்களிலே யூதரும் கிரேக்கரும், அடிமையும் ஆண்டானும் ஒரே பந்தியில் அமர வேண்டியிருந்தது. அங்கே பந்தியினின்று விலகிக்கொண்ட பேதுருவைப் பவுல் முகத்துக்கு நேரே கண்டித்த செய்தி கலாத்தியருக்கான நிருபத்தில் உளது. உணவு விலக்கைக் கண்டிப்பாகக் காத்து, பலவினத்தார் கூடிய நகரச் சபையைக் கட்ட இயலாது. சமபந்தி மறுப்பின் வரலாற்றை அறிந்த தமிழ் வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பிற்காலத் திருச்சபை இம்முடிவுக்கு ஒரு தருக்க வடிவம் கொடுத்தது. 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் சட்டத்தை ஒழுக்கச் சட்டம், சடங்குச் சட்டம், நீதிமுறைச் சட்டம் என மூன்றாக வகுத்தார். ஒழுக்கச் சட்டம் என்றும் நிலைப்பது. சடங்குச் சட்டம் கிறிஸ்துவின் நிழல், பொருள் வந்தபின் நீங்கியது. நீதிமுறைச் சட்டம் இஸ்ரவேல் அரசோடு முடிந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளில் ஏழாவது ஏறத்தாழ இதனையே கூறும். ஜோன் வெஸ்லி 1750இல் வெளியிட்ட பிரசங்கங்கள், சடங்குச் சட்டம் ஒழிந்தது, ஒழுக்கச் சட்டமோ நம்பிக்கையால் நிலைநிறுத்தப்படுகிறது என வற்புறுத்தின. மட்டக்களப்புக்கு வந்த கிறிஸ்தவத்தின் ஒரு கிளை இக்கோட்பாட்டையே கைக்கொண்டு வந்தது. 1814இல் இலங்கை வந்த வெஸ்லியன் மிஷனரிமாருள் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டு, மறு ஆண்டே இறந்தார்.

அதே மிஷனின் யாழ்ப்பாணக் கல்விக்கூடத்திலே பயின்று, பீற்றர் பேர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றியவர் ஆறுமுக நாவலர். 1854இல் வெளிவந்த அவரது 'சைவதூஷண பரிகாரம்' நமது பொருளுக்கு மிக முக்கியமான தமிழ்ச் சான்றாகும். ஆலயம், தீபம், தூபம், நைவேத்தியம், ஸ்நானம், விழாநாள் ஆகியவற்றை அஞ்ஞானம் எனப் பழித்த மிஷனரிமாருக்கு, இவற்றையெல்லாம் உங்கள் தேவனே விதித்திருக்கிறார் என நாவலர் அவர்தம் வேதத்திலிருந்தே எடுத்துக் காட்டினார். மொழிபெயர்ப்பும் அவர் பக்கமே நின்றது எனலாம். சைவக் கிரியைகளுக்குப் பிரமாணமான 'ஆகமம்' என்ற சொல்லையே யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் எனத் தமிழ்ப் புரட்டஸ்தாந்தர் தம் நூல்களுக்குச் சூட்டியிருந்தனர்!

மிஷனரிமாரிடம் இதற்கு ஆயத்தமான விடை இருந்தது: அவை சடங்குச் சட்டம், கிறிஸ்துவோடு முடிந்தன. ஆயின் இப்பாகுபாடு மூலநூலில் இல்லை. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில், அயலானை நேசிக்குமாறு கூறும் கட்டளைக்கு அடுத்த வசனமே இருவகை நூல் கலந்த ஆடையை விலக்குகிறது. கூலியாளின் கூலியை மறுநாட் காலைவரை வைத்திருத்தலாகாது என்பதும், அறுவடையில் வயலோரத்தையும் சிந்திய கதிரையும் ஏழைக்கு விடவேண்டும் என்பதும் அதே அதிகாரத்தன. எழுதியவர் இவற்றைத் தனித்தனிப் பெட்டியில் இடவில்லை; பெட்டிகள் பின்வந்தோர் செய்தவை.

நாவலரின் தாக்குதல் சடங்குப் பெட்டியைத் திறந்துவிட்டது. மூன்றாவது பெட்டியை எவரும் தொடவில்லை. விவாதம் கோயிலைப் பற்றியது, காணியைப் பற்றியதன்று. இருதரப்பாரும் தத்தம் சமுதாயத்தின் சொத்துறவுகளை வினாவுக்கு உட்படுத்தாதோர் ஆகையால் இதில் வியப்பில்லை. ஆனால் நீதிமுறைச் சட்டம் என்று ஒதுக்கப்பட்ட பகுதியில் இருப்பவை எவை? உபாகமம் 15 ஏழாண்டுக்கு ஒருமுறை கடனை விடுதலை செய்யச் சொல்கிறது. லேவியராகமம் 25 ஐம்பதாம் ஆண்டில், விற்ற காணியை உரியவனிடம் மீட்டளிக்கச் சொல்கிறது. யாத்திராகமம் 22 வறியவனிடம் வட்டி வாங்குவதைத் தடுக்கிறது.

இவற்றின் கனத்தை மட்டக்களப்பு நன்கறியும். எழுவான்கரை ஊர்களின் உழைப்பாளர் வாவியைக் கடந்து படுவான்கரை வயல்களுக்குச் சென்றனர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை இப்பகுதியில் அக்கடவை துறைவழியே நிகழ்ந்தது. காணி போடியாருடையது. முல்லைக்காரனும் வயற்காரரும் விதைப்புக் காலத்தில் நெல்லை முற்பணமாகப் பெற்று, சூடடித்தபின் களத்திலேயே கழித்துக் கொடுத்தனர். கதிர் பொறுக்குதல் ஏழைப் பெண்களுக்கு வேதவாக்கியம் அன்று, வயிற்றுப்பாடு. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம், பிலிப் குணவர்த்தன என்ற மார்க்சியரின் முயற்சியால், குத்தகைப் பயிர்ச்செய்கையாளருக்கு நிலையான உரிமை தர முற்பட்டது. இதையொத்த நோக்குடைய விதிகளைத் தன் வேதத்திற் கொண்ட சமயம், காலாவதியானவை என அவற்றை ஒதுக்கிவைத்திருந்தது.

பழைய இஸ்ரவேலைப் பொதுவுடைமைச் சமுதாயமெனக் கொண்டாட நாம் முற்படவில்லை. அச்சட்டம் அந்நியனிடம் வட்டி வாங்க அனுமதித்தது. அந்நிய அடிமையை நிரந்தரச் சொத்தாக்கிற்று. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை, ஓராண்டில் மீட்காவிடின், வாங்கியவனுக்கே நிலையாக விட்டது. வணிகம் வளர்ந்தபோது கடன் விடுதலையும் நெகிழ்ந்தது. ஏழாம் ஆண்டு நெருங்கக் கடன் கொடுப்போர் கைவிரிக்கவே, கடன் பத்திரத்தை நீதிமன்றின் பொறுப்பில் ஒப்புவித்து விடுதலையைத் தவிர்க்கும் 'புரொஸ்புல்' என்ற ஏற்பாட்டை ஹில்லேல் வகுத்ததாக மிஷ்னா கூறும். கிறிஸ்தவம் தள்ளுமுன்னரே சந்தை அவ்விதியைத் தள்ளத் தொடங்கிவிட்டது.

சமயச் சட்டத்தின் வலிமையை மிகைப்படுத்தலும் தவறு. எண்ணாகமத்திற் செலோப்பியாத்தின் புதல்வியர் சொத்துப் பெறுவது ஆண்மக்கள் இல்லாமையால் ஏற்பட்ட விதிவிலக்கு. மட்டக்களப்பிலோ வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வதே வழக்கம். சைவர், இஸ்லாமியர், கத்தோலிக்கர் என்ற பேதம் இதிற் பெரிதில்லை. தாய்வழி உரிமை பேசும் முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876இல் நூலாக்கினார். அதே ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதன் நீதிமன்ற வலுவைப் பறித்தது. வழக்கமோ வேதங்களையும் கட்டளைச் சட்டத்தையும் மீறி நின்றது.

மூன்றாவது பெட்டி அண்மைக்காலத்திலேயே திறக்கப்பட்டது. 1971இல் குஸ்தாவோ குத்தியெரெஸின் விடுதலை இறையியல் நூல் வெளிவந்தது. 1977இல் திஸ்ஸ பாலசூரிய நற்கருணையை மனித விடுதலையோடு இணைத்து எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வறிய நாடுகளின் கடனை நீக்கக் கோரிய 'ஜூபிலி 2000' இயக்கம் தன் பெயரையே லேவியராகமம் 25இலிருந்து பெற்றது. தமிழில், 1995இல் வெளியான விவிலியப் பொது மொழிபெயர்ப்பு நியாயப்பிரமாணத்தைத் 'திருச்சட்டம்' என்றது. யாத்திராகமம் அதில் 'விடுதலைப் பயணம்' ஆயிற்று, உபாகமம் 'இணைச்சட்டம்' ஆயிற்று. நாவலர் காலத்து விவாதத்துக்குப் பொருந்தி நின்ற 'ஆகமம்' என்ற சொல் அத்தலைப்புகளில் இப்போது இல்லை.