சுவர்க் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்

சாலிட் பிளாக்கில் காம்பவுண்ட் சுவர் கட்டுகிறவர்கள் பலர் மேஸ்திரி வாயால் சொன்ன எண்ணிக்கையையே ஆர்டர் கொடுக்கிறார்கள். பாதி வேலையில் கல் போதவில்லை, சிமெண்ட் தீர்ந்துவிட்டது என்று மேலும் பணம் கேட்டால், ஏன் என்று கேட்க அவர்களிடம் ஆதாரம் இருப்பதில்லை. இத்தனைக்கும் இது எளிய கணக்கு. கலவை இணைப்பையும் சேர்த்தால் ஒரு பிளாக்குக்கு 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம். 40 அடிச் சுவருக்கு ஒரு வரிசைக்கு 30 கல். உயரம் 5 அடி என்றால் ஏழரை வரிசை வரும், கல்லை வெட்ட வேண்டும். 5 அடி 4 அங்குலம் என்றால் சரியாக 8 வரிசை, 240 கல். உடைவுக்கு 5 சதவீதம் சேர்த்து 252 போதும். 6 அங்குலக் கனத்தில், 1:6 கலவையில் கட்டுவேலைக்கு மட்டும் சிமெண்ட் இரண்டு மூட்டைக்குள் அடங்கும். அஸ்திவாரம், தூண், பூச்சு எல்லாம் தனி.

அனுபவமுள்ள மேஸ்திரியின் கணக்கு தவறாது என்பார்கள். அவர் கணக்கு சரியாகவே இருக்கலாம், வந்திறங்கும் கல் அளவில் குறைந்திருந்தால் என்ன செய்வது? தரநிலைப்படி கல்லின் உண்மை அளவு 390 × 190 மி.மீ. நீளத்தில் 5 மி.மீ., உயரத்தில் 3 மி.மீ. வரைதான் வித்தியாசம் அனுமதி. இரண்டிலும் 1 செ.மீ. குறைந்தால் அதே சுவருக்கு ஏறக்குறைய 259 கல் வேண்டும். கல்லைக் கூட்டாமல் இணைப்பை 10 மி.மீ.யிலிருந்து 20 மி.மீ.யாகத் தடித்துச் சமாளித்தால் கலவைச் செலவு இரட்டிப்பாகும். பத்துக் கல்லை நீளவாக்கில் ஒட்டி வைத்து டேப் பிடித்தால் 390 செ.மீ. வர வேண்டும். இறக்கும்போதே இதைப் பார்த்துவிடலாம்.

இந்தக் கணக்கை எழுத்தில் கேட்டால் மேஸ்திரி மனம் வருந்துவார் என்ற தயக்கமும் உண்டு. உண்மையில் அந்தக் காகிதம் அவரையும் காக்கிறது, பிளாக் யார்டின் குறைக்கு அவர் பழி ஏற்க வேண்டியதில்லை. கொட்டேஷனில் சுவரின் நீள உயரம், கழித்த கேட் அளவு, கல்லின் அளவு, எண்ணிக்கை, கலவை விகிதம் ஆகியவை இருக்க வேண்டும். பில்லிலும் கல்லின் அளவைக் குறிக்கச் சொல்லுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வீடு கட்டும் பணியையும் சேவையாகவே கருதுகிறது. 1915 என்ற உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வக்கீல் இல்லாமலும், வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. ஆனால் ஆணையம் கேட்கப்போவது பில்லையும் கொட்டேஷனையும்தான். முன்பணம் கொடுக்கும் முன்பே கொட்டேஷனையும், கல் இறங்கும்போதே பில்லையும் வாங்கி வையுங்கள்.